துண்டுக்குள் போட்ட ஓட்டு

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சித்திரை மாதம். புளியம்பதி முனிசிபல் ஆபீசின் கூட்ட அறையில் ஒன்பது கவுன்சிலர்களும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். மேலே தகரக் கூரை. உள்ளே இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி.

நடுவில் மாட்டுத் தரகர் மாரப்பன் நின்றார். அவரும் ஒரு கவுன்சிலர்தான். வலது கையை முன்னால் நீட்டி, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. சேர்மன் மீரான் ராவுத்தரின் தோளிலிருந்து அப்போதுதான் கேட்டு வாங்கியது.

"ஒத்தை வெரலெப் புடிச்சா முனிசிபாலிட்டி இருக்கட்டும். ரெண்டு வெரலெப் புடிச்சா வேண்டாம். அவ்வளவுதானுங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரல் கணக்கில் பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், மாமனார் உடம்பைப் பற்றி விசாரிக்கும். கை மட்டும் பேரம் பேசும். துண்டுக்குள் நடந்ததை எந்தத் தரகரும் வெளியே சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த சந்தையில் அவர் துண்டுக்குள் கைவிட ஆள் இருக்காது.

அந்த முறையைத்தான் முனிசிபாலிட்டிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். காரணம், கையைத் தூக்கி ஓட்டுப் போட எவருக்கும் துணிச்சல் இல்லை. எதிரே ராவுத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண வேட்டி எடுத்துக் கொடுத்தவர். கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள்கூட அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அவர் முகத்துக்கு நேரே எப்படிக் கையைத் தூக்குவது?

முதலில் ராவுத்தரே எழுந்து போனார். துண்டுக்குள் கையை விட்டார், எடுத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள். மாரப்பன் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்த சலனம்கூட இல்லை.

கடைசியில் துண்டை உதறினார். "ரெண்டு வெரலு எட்டுங்க, என்னோடதும் சேத்தி. ஒத்தை வெரலு ஒண்ணுங்க."

யாருடைய ஒற்றை விரல் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ராவுத்தரைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் துண்டை வாங்கி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப முடிஞ்சுதுங்க. காப்பி வரச் சொல்லுங்க," என்றார்.

ஊர் ஊராக நகரமாக வேண்டும் என்று மகஜர் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. புளியம்பதி மட்டும் நகரமாக இருந்தது போதும் என்று தானாக எழுதிக் கொடுத்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அன்றைக்குக் கதவோரம் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த முனிசிபாலிட்டியின் பிரசவ நர்ஸ். முனிசிபாலிட்டி போனால் என் வேலையும் போகும்.

மலையிலிருந்து இறங்கியவள்

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் என் பிறந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டக் கூலி வீட்டு வரிசையில், லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், திங்கட்கிழமை விடியலில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவோம். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்ததும், கம்பம் பஸ்ஸில் மலையிறங்கி, அங்கிருந்து பொள்ளாச்சி வந்து, ஒரு தகரப் பெட்டியோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் சர்க்காரின் கீழிருந்த புளியம்பதியில் வந்து விழுந்தேன். வயது இருபத்திரண்டு.

குளிரில் பிறந்த உடம்பு. இங்கே கணவாய்க் காற்று சூடாக வீசும். பனைமரமும் கள்ளிவேலியும் புழுதியும்தான் கண்ணில் படும். முதல் மாதம் முழுக்க எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

பேச்சும் ஒட்டவில்லை. நான் மாரப்பனை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் சந்தையே சிரிக்கும். அவர்கள் "ஏனுங் நர்ஸம்மா" என்று வாய் நிறைய மரியாதை போடுவார்கள். ஐந்து வயதுக் குழந்தைகூட "வாங், போங்" என்றுதான் பேசும். முதலில் என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து ஒரு பிள்ளையின் காதைத் திருகியிருக்கிறேன். அதன் அம்மா என்னிடம் வந்து, "அவன் மருவாதியாத்தானுங்க பேசுனான்," என்று பாவமாகச் சொன்னாள்.

ஆபீசுக்குப் பக்கத்து அறை பிரசவ அறை. அதற்குப் பின்னால் எனக்கு ஒரு அறையும் ஒரு அடுப்பும். முதல் ஆறு மாதம் யாரும் வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பேசிக்கொண்டார்களாம்.

பிறகு மாரப்பனின் மனைவி வள்ளியாத்தாளுக்குத் தலைப்பிள்ளை கால் முன்னே வந்து நின்றது. ஊர்க் கிழவிகள் எல்லாம் கைவிரித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அதற்கப்புறம் என் கதவைத் தட்டாத வீடு கிடையாது. வீட்டுக்குப் போனால் மோர் குடிக்காமல் விடமாட்டார்கள். ஒரே நாளில் ஏழு வீட்டு மோர் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததும் உண்டு.

சந்தை நாளில் எண்ணிய ஊர்

புளியம்பதி எப்படி நகரமானது என்பது தனிக் கதை. நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஊரார் சொல்லிக் கேட்டதுதான்.

முனிசிபாலிட்டி ஆக வேண்டுமானால் இத்தனை தலை வேண்டும் என்று சர்க்காரில் ஒரு கணக்கு இருந்ததாம். புளியம்பதியில் அதில் பாதிகூடத் தேறாது. ராவுத்தர்தான் எண்ண வந்த அதிகாரியைச் சந்தை நாளாகப் பார்த்து வரவழைத்தார். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து மாடு ஓட்டி வந்தவர்கள் ஊர் முழுக்க நிறைந்திருந்தார்கள். கொட்டகையில் படுத்தவன், மரத்தடியில் சோறு பொங்கியவன், லாடம் அடிக்க வந்தவன் எல்லோரையும் ஏதோ ஒரு வீட்டு ஆளாகச் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

இதில் ஊராருக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. "சந்தைக்கு வந்தவன் நம்ம ஊட்டுல ஒரு வாய் கஞ்சி குடிச்சா அவன் நம்ம ஆளுதானுங்களே," என்று மாரப்பன் என்னிடம் நியாயம் பேசியிருக்கிறார். அதிகாரி போகும்போது மாடுகளையும் சேர்த்து எண்ணிவிட்டாரோ என்று ஒரு கேலி இன்றைக்கும் உண்டு.

ராவுத்தருக்குச் சேர்மன் நாற்காலி மேல் ஆசை, அதற்காகத்தான் இத்தனை பாடுபட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். திட்டிச் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு இந்த ஆசைகூட இருக்கக்கூடாதா என்ற தொனியில்தான் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

கேட்டு வந்தது, மாடு போனது

நகரம் என்றால் சும்மாவா? பன்னிரண்டு மண்ணெண்ணெய் விளக்குக் கம்பம் வந்தது. மூன்று பாஷையில் போர்டு வந்தது. நாய்க்குக் கழுத்தில் வில்லை கட்ட வேண்டும் என்றார்கள். வீதியில் மிளகாய் காயப் போட லைசென்ஸ் என்றார்கள். எங்கள் ஊர் நாய்கள் வில்லையைக் கழற்றிப் போடுவதில் கெட்டிக்காரர்கள். மிளகாய் வழக்கம்போல வீதியிலேயே காய்ந்தது. இதையெல்லாம் ஜனங்கள் சிரித்துக்கொண்டே சகித்துக்கொண்டார்கள்.

சுங்கக் கேட்டுதான் குடியைக் கெடுத்தது. ஊருக்குள் வரும் இரண்டு சாலையிலும் மூங்கில் கேட்டுப் போட்டு, உள்ளே வரும் மாட்டுக்கும் வண்டிக்கும் வரி வாங்கினார்கள். விற்றால்தான் வரி என்றில்லை. விற்காமல் திரும்பும் மாட்டுக்கும் வரி. மாடு ஓட்டி வருகிறவன் எத்தனை சந்தைக்குப் பொறுப்பான்? ஒரே வருஷத்தில் மாடெல்லாம் வேலந்தாவளம் சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டது.

சந்தை ஓய்ந்தால் எங்கள் ஊரில் எதுவும் ஓடாது. லாடக்காரன், கயிறு விற்கிறவன், சோற்றுக்கடை, ராவுத்தரின் ஜவுளிக்கடை எல்லாமே அந்த ஒரு நாளை நம்பித்தான். சந்தை நாளான செவ்வாய்க்கிழமை காலையில்கூடத் திடலில் வெறும் முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. கேட்டை மட்டும் எடுக்க முடியுமா என்று மேலே எழுதிக் கேட்டார்கள். முனிசிபாலிட்டி என்று இருந்தால் கேட்டும் இருக்கும் என்று பதில் வந்தது. பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணியில்லை என்கிற கதைதான்.

அதனால்தான் அந்தக் கூட்டம், அந்தத் துண்டு, அந்த ஓட்டு.

யாரும் சொல்லாத சொல்

ஓட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேசினார்கள். மாதப் பிரசவப் பட்டியலைக் கொடுக்க வந்த நான் கதவோரம் நின்று முழுதும் கேட்டேன். கேட்டைப் பற்றிப் பேசினார்கள், மாட்டைப் பற்றிப் பேசினார்கள், விளக்குக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா, விட்டுவிட்டுப் போவார்களா என்றும் பேசினார்கள். நாய் வில்லையைப் பற்றிக்கூட ஒருவர் பேசினார். நர்ஸ் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.

ராவுத்தர் ஒரே ஒரு தடவை, "வேற ஏதாச்சும் யோசிக்கறதுக்கு இருக்குதான்னு பாத்துக்குங்க," என்றார். அப்போது அவர் பார்வை என் பக்கம் வந்து போனது. நாற்காலிக்கு நூல் விட்டுப் பார்க்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் வீட்டுக் குழந்தையை இந்தக் கையால் எடுத்திருக்கிறேன். மாரப்பனின் தலைப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துத்தான் முதல் மூச்சை விட்டது. அந்த மாரப்பன் எத்தனை நிதானமாகத் துண்டை உதறினார் பாருங்கள்.

அன்று முதல் எந்த வீட்டு மோரையும் நான் தொடவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், வேலையைப் பார்ப்பேன், வாய் திறக்காமல் திரும்பி வந்துவிடுவேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பெண்கள் எனக்கு நன்னாரி வேர் கொடுத்தனுப்பினார்கள். அதையும் திருப்பி அனுப்பினேன். மலையிலிருந்த சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, ஆடி மாதம் வந்து சேர் என்று அவரும் பதில் எழுதினார்.

சாமான் பட்டியல்

ஆனி முடியும் சமயம் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. புளியம்பதி இனிப் பஞ்சாயத்து. முனிசிபாலிட்டிச் சாமான்களைப் பட்டியல் போட்டுத் தாலுக்கா கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும்.

பட்டியல் எழுத ராவுத்தரே வந்தார். காலை வேளை. அறுபது வயது மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பிரசவ அறையின் பெஞ்சு, அலமாரி, வாளி எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். நான் ஒவ்வொன்றையும் டக் டக்கென்று அவர் முன்னால் கொண்டு வந்து வைத்தேன்.

"ஏனம்மணி, கோவமா இருக்கறாப்ல தெரியுது," என்றார்.

"கோவம் எதுக்கு ஐயா? உங்களுக்கு நாற்காலி போகுது, எனக்குச் சோறு போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான போகுது."

பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் நாக்கு அப்போது அப்படி. இப்போதும் பெரிதாகத் திருந்திவிடவில்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நாக்காலிக்காவத்தான் ஒத்தை வெரல் புடிச்சேன்னு நெனைக்கறீங்களா?"

நான் அடுத்த வாளியை அவர் முன்னால் வைத்தேன்.

"எம் பொஞ்சாதி ஆயிசா," என்றார். "ரெண்டாவது பேறுகாலம். ரெண்டு நாளா வலி. மூணாம் நாளு வண்டி கட்டிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழி தாண்டலைங்க."

"குழந்தை?"

"ரெண்டும்தான்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"அதுக்குப் பொறவு கச்சேரி கச்சேரியா நடந்தனுங்க. எங்க ஊருக்கு ஒரு நர்ஸம்மா வேணும்னு அபேட்சை மேல அபேட்சை எழுதிக் குடுத்தேன். ஒரு குமாஸ்தாதான் சொன்னாரு. கிராமத்துக்குத் தனியா நர்ஸெல்லாம் கெடையாது ராவுத்தரே, முனிசிபாலிட்டின்னா ஒருத்தரெப் போட்டே ஆவோணும்னு. செரி, அப்ப முனிசிபாலிட்டியே ஆயிரலாம்னு நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். ஒரு நர்ஸுக்காக ஒரு ஊரையே நகரமாக்கிய மனிதர் என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இதைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாம்லா ஐயா?"

"எம் பொஞ்சாதி செத்ததெச் சொல்லி ஓட்டுக் கேக்கச் சொல்றீங்களா அம்மணி?" என்றார். குரல் உயரவில்லை. "நாஞ் சொன்னா எனக்காவ ஒத்தை வெரல் புடிச்சிருப்பாங்க. அப்பறம் சந்தையில்லாம ஊரு என்னத்தத் திங்கும்? நர்ஸம்மா போனாலும் போவட்டும், மாடு வந்தாப் போதும்னு தெரிஞ்சுதான் எட்டுப் பேரும் புடிச்சாங்க. அவுங்க வயிறு, அவுங்க இஷ்டம். நான் என்ன சொல்றதுங்க?"

கடைசியாக என் பிரசவப் பை வந்தது. நல்ல தோல் பை. கத்திரி, கிடுக்கி எல்லாம் பளபளவென்று உள்ளே இருந்தன. ராவுத்தர் அதைத் திறந்து பார்த்தார், மூடினார். பட்டியலில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'எலி கடித்துப் பாழானது. உபயோகமில்லை' என்று எழுதியிருந்தார்.

பையை என் பக்கம் தள்ளினார். "மலையிலயும் புள்ளை பெறுவாங்கல்லங்க. கொண்டு போங்க."

இருங்கள் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். ஊர் மேல் இருந்த கோபம் அதற்குப் பிறகு இரண்டு பங்காகிவிட்டது. இந்த மனிதரைக்கூட அல்லவா ஒற்றை விரலோடு தனியாக நிற்க வைத்தார்கள் என்று தோன்றியது.

பொள்ளாச்சி பஸ்

நான் கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டுகளைப் பிடுங்கி எறிந்து இரண்டு வாரமாகியிருந்தது. சந்தைக்கு மாடு திரும்பி வந்துவிட்டது. ஆடிக் காற்று கணவாய் வழியாகப் புழுதியை வாரி வந்து முகத்தில் கொட்டியது. பொள்ளாச்சி பஸ்ஸின் முன்னாலும் பின்னாலும் காளைகள். பஸ் நகர வழியில்லை. என் தகரப் பெட்டி மேலே ஏறியாயிற்று. பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

புருஷனுக்குச் சோற்றுப் போசியோடு வள்ளியாத்தாள் வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது பிள்ளை, எட்டு மாத வயிறு. என்னைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் நர்ஸம்மா, ஊருக்குங்களா? எப்பத் திரும்பறீங்க? எனக்கு அடுத்த மாசம்னு சொன்னீங்களே."

"திரும்ப மாட்டேன் வள்ளி."

"அப்படீன்னா?"

"எனக்கு இங்க வேலை இல்லை. உம் வீட்டுக்காரர்ட்டயே கேளு. துண்டுக்குள்ள ரெண்டு விரல் பிடிச்சு என்னை வெளியே தள்ளினவர் அவர்தான."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சந்தைப் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அவ்வளவு தொண்டை எங்கிருந்து வந்ததோ, நாலைந்து காளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மாரப்பன் அப்போது ஒரு பேரத்தின் நடுவில், துண்டுக்குள் கையோடு நின்றிருந்தார். கையை உருவிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னங்க? என்னாச்சுங்க?"

"நர்ஸம்மாவெ நீங்கதான் தள்ளி உட்டீங்களாமா," என்றாள் வள்ளியாத்தாள்.

"நானா? எங்கீங்க தள்ளுனேன்?"

நான் ஜன்னல் வழியாகவே பேசினேன். மூன்று மாதமாக அடக்கி வைத்தது. "முனிசிபாலிட்டி வேண்டாம்னு பிடிச்சீங்கள்லா அண்ணாச்சி? எனக்குச் சம்பளம் தந்தது அதுதான். வீடு தந்தது அதுதான். அது போனா நான் மட்டும் எப்படி இருப்பேன்?"

மாரப்பன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு குழப்பம். "நாங்க கேட்டெ எடுக்கோணும்னுதானுங்க புடிச்சோம். வெளக்கு போவும், நாய் வில்லை போவும், அது தெரியும். நீங்க எதுக்குங்க போறீங்க?"

"நான் முனிசிபாலிட்டி நர்ஸ், அண்ணாச்சி."

"அதெப்படீங்க? நீங்க எங்க ஊரு நர்ஸம்மா இல்லீங்களா?"

இதற்குள் இன்னும் இரண்டு கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடமும் விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டு பேரும் மாரப்பன் மாதிரியே வாயைத் திறந்து நின்றார்கள். நடிப்பு என்று சொல்ல முடியாது. துண்டுக்குள் பேரம் பேசுகிறவர்களுக்கு முகத்தில் பொய் சொல்லத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

"ராவுத்தர் மாமனுக்குத் தெரியுங்களா இது?" என்று ஒருவர் கேட்டார்.

"அவருக்குத் தெரியும். அந்த ஒற்றை விரல் எதுக்குன்னு நெனச்சீங்க?"

ராவுத்தர் சொன்ன மற்றதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆயிசாவை ஏற்றிப் போன வண்டியை ஓட்டியது மாரப்பனின் அப்பாதான் என்று பிற்பாடு தெரிந்தது. மாரப்பன் கையிலிருந்த தலைப்பாகையைக் கசக்கினார். "நாக்காலிக்குன்னு நெனச்சோமே," என்று மெதுவாகச் சொன்னார். "மாமனெப் போயி அப்படி நெனச்சுட்டோமே."

கூட்டத்தில் ஒருவர், "அதுக்கென்னங்க, இன்னைக்குச் சந்தைதானே. மறுக்கா எண்ணச் சொல்லி முனிசிபாலிட்டி ஆயிரலாம்," என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காளைகளை ஒருவழியாக விலக்கிவிட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, போலாமா வேண்டாமா?" என்றார். வள்ளியாத்தாள் கம்பியை விடவில்லை. பெட்டியை இறக்கு என்றும் சொல்லவில்லை. "நீங்க போவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க," என்று மட்டும் சொன்னாள். "எங்க நாத்தனா கல்யாணமாயிப் போவா, தெரியும். நீங்க போறதெ நான் நெனச்சுக்கூடப் பாக்கலீங்க."

மூன்று மாதமாக நான் எதற்காகக் கோபித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். போகக்கூடிய ஆளாக இவர்கள் என்னை ஒருநாளும் நினைக்கவில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு இது புதிது. தோட்டத்தில் வேலை போனால் அன்றைக்கே வீடும் போய்விடும். மனுஷரும் வேலையும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கண்டக்டரிடம் பெட்டியை இறக்கச் சொன்னேன். அவர் திட்டிக்கொண்டே இறக்கினார்.

ஊர் வைத்துக்கொண்டது

சம்பளம் இல்லாத நர்ஸாக நான் சில வருஷம் இருந்தேன். ராவுத்தர் ஜவுளிக்கடைக் கிடங்கின் முன்னறையைக் காலி செய்து கொடுத்தார். சுண்ணாம்பு அடித்தது மாரப்பன். அறுவடைக் காலத்தில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் களத்திலேயே ஒரு பங்கு அளந்து வைப்பார்கள். அந்த வரிசையில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். படித்த பெண் களத்து மேட்டில் முறத்தோடு நிற்கிறாளே என்று சித்தப்பா எழுதிய கடிதத்தில் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. அந்தச் சோளத்தில் செய்த களியைப் போல நான் எதையும் ருசித்துச் சாப்பிட்டதில்லை. பிறகு சர்க்காரே பஞ்சாயத்துக்கும் நர்ஸ் போட்டது. அது வேறு கதை.

ஆனால் அப்படி இருந்து பார்த்த முதல் பிரசவத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

ஆவணி மாதம். வள்ளியாத்தாளுக்கு விடியும்போது வலி எடுத்தது. கிடங்கு அறையில்தான் பிரசவம். லேசான பிரசவம் இல்லை. வெயில் ஏறும்வரை பிள்ளை இறங்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. உச்சிவேளைக்குப் பிள்ளை அழுதது. அதற்குப் பிறகும் ரத்தப் போக்கு நின்று, நாடி சரியாகிற வரைக்கும் நான் கதவைத் திறக்கவில்லை.

திறந்தபோது வாசலில் மாரப்பனும் அவர் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"என்ன கொளந்தைங்க? பையனுங்களா, புள்ளைங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ராவுத்தர். கடையை விட்டுவிட்டு, குடைகூட இல்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாராம்.

"அம்மணி, பெத்தவ எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கா ஐயா. கஞ்சி கேக்கா."

அவர் தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கடையைப் பார்த்து நடந்தார். பிறந்தது என்ன குழந்தை என்று கேட்க அவர் நிற்கவில்லை.